திறந்த இன்சுலினை எங்கே வைப்பது: ஃப்ரிட்ஜா, அலமாரியா, மண்பானையா?

இன்சுலின் பாட்டிலின் ரப்பர் மூடியில் முதல் ஊசி இறங்கியதுமே அதன் ஆயுள் கணக்கு மாறிவிடுகிறது. அதுவரை அட்டைப்பெட்டியில் அச்சிட்ட காலாவதித் தேதிதான் கணக்கு. 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருந்தால் அந்தத் தேதி வரை கவலை இல்லை. திறந்த பிறகு பெரும்பாலான இன்சுலின்களுக்கு 28 நாள்தான். "இன்னும் ஒன்றரை வருஷம் டேட் இருக்கே" என்று பெட்டியைக் காட்டிச் சொல்பவர்கள் நிறையப் பேர். திறந்த பாட்டிலுக்கு அந்தத் தேதி பொருந்தாது. அது 28 நாளுக்குள்ளேயே வந்துவிட்டால் மட்டும் அதுவே கடைசி நாள்.

28 என்பது எல்லாவற்றுக்கும் ஒரே எண் அல்ல. லான்டஸ், நோவோராபிட், ஹியூமலாக் போன்றவற்றுக்கு நான்கு வாரம். ட்ரெசிபாவுக்கு எட்டு வாரம். சில கலவை இன்சுலின்களில் பாட்டிலுக்கு ஒரு கணக்கும் இன்சுலின் பேனாவுக்கு (பேனா வடிவ ஊசிக் கருவி) அதைவிடக் குறைந்த கணக்கும் உண்டு. அதனால் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை ஒரு முறையாவது விரித்துப் படியுங்கள். பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாவிட்டால் மருந்துக்கடையில் கேளுங்கள். கேட்க வேண்டியவை இரண்டு: திறந்தால் எத்தனை நாள், எத்தனை டிகிரி வரை. பெரும்பாலானவற்றில் 30 டிகிரி என்றிருக்கும், சிலவற்றில் 25.

இந்த இரண்டும் சேர்ந்துதான் ஒரு வாக்குறுதி. இன்சுலின் ஒரு புரதம். சூடும் குலுக்கலும் அதன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னி இழையாக்கிவிடும், அப்படிப் பின்னியது சர்க்கரையைக் குறைக்காது. இன்னொரு பக்கம், ஒவ்வொரு முறை ஊசி குத்தும்போதும் கிருமி உள்ளே போக வழி கிடைக்கிறது. அதைத் தடுக்கத்தான் மெட்டாகிரசால், பினால் போன்ற பதனப் பொருள்களைச் சேர்க்கிறார்கள். பாட்டிலைத் திறந்ததும் வீசும் அந்த மருந்து வாசனை அவற்றுடையதுதான். இவ்வளவு வெப்பத்தில் இத்தனை நாள் வரை மருந்தின் வீரியமும் பதனப் பொருளின் காவலும் நிற்கும் என்று சோதித்துத்தான் கம்பெனி அந்த எண்ணை அச்சிடுகிறது. 29ஆம் நாள் காலையில் மருந்து விஷமாகிவிடாது. ஆனால் அன்றிலிருந்து அதற்கு யாரும் பொறுப்பில்லை.

ஃப்ரிட்ஜில் வைத்தால் இந்த நாள் கணக்கு நீளும் என்று பலர் நம்புகிறார்கள். நீளாது. ஃப்ரிட்ஜ் சூட்டிலிருந்து காப்பாற்றும், அவ்வளவே. திறந்த தேதியைப் பாட்டில் மீதே பேனாவால் எழுதிவையுங்கள். பெட்டி மீது எழுதினால் பெட்டி குப்பைக்குப் போகும்போது தேதியும் போய்விடும்.

சரி, எங்கே வைப்பது?

அறை அலமாரி

ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. திறந்த இன்சுலினுக்கு அலமாரிதான் சரியான இடம். சமவெளியிலும் மார்கழி, தை மாதங்களில் அப்படித்தான். அறை வெப்பத்தில் இருக்கும் மருந்து போடும்போது சுள்ளென்று வலிக்காது, உறைந்துபோகும் பயமும் இல்லை. ஆனால் கேஸ் அடுப்புக்கு மேலுள்ள ஷெல்ஃப், டி.வி. பெட்டியின் மேல், விளக்கெரியும் பூஜை அலமாரி, மேற்கு வெயில் இறங்கும் ஜன்னல் ஓரம் ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும். ஒரே வீட்டுக்குள் இடத்துக்கு இடம் நாலைந்து டிகிரி வித்தியாசம் இருக்கும். சில நூறு ரூபாய்க்கு வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது. நீங்கள் இன்சுலின் வைக்கும் இடத்தில் மதியம் மூன்று மணிக்கு அது என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டுக்கும், கீழ்த்தளத்தில் இருக்கும் பழைய ஓட்டு வீட்டுக்கும் ஒரே அறிவுரை சொல்ல முடியாது.

சித்திரை, வைகாசியில்தான் சிக்கல். சென்னையிலோ வேலூரிலோ மேல்மாடி வீட்டுக்குள் 34, 35 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டில் மருந்து என்னவாகிறது? நம் ஊர் நிலைமைக்கு நெருக்கமான ஓர் ஆய்வு உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் செய்யப்பட்டு 2009இல் வெளியானது. 32, 37 டிகிரிகளில் வைத்த இன்சுலின் பாட்டில்களில் 28ஆம் நாள் வீரியம் 14 முதல் 18 சதவீதம் வரை குறைந்திருந்தது. ரெகுலர் எனும் தெளிவான சாதாரண இன்சுலின், கலவை இன்சுலின் இரண்டிலுமே இதே கதை.

இதற்கு எதிர்த்திசையில் 2021இல் இன்னொரு ஆய்வு வந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. கென்யாவின் தகாஹலே அகதி முகாமில் வீடுகளுக்குள் வெப்பம் இரவில் 25, பகலில் 37 என்று ஏறி இறங்குவதை அளந்து, அதே ஏற்ற இறக்கத்தை ஆய்வகத்தில் உருவாக்கி நான்கு வாரம் சோதித்தார்கள். வீரியம் ஒரு சதவீதத்துக்கு மேல் குறையவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட தொகுப்பாய்வும், திறக்காத சில மனித இன்சுலின்களை 25 டிகிரி வரை ஆறு மாதமும் 37 டிகிரி வரை இரண்டு மாதமும் வைத்தாலும் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை என்று சொல்கிறது.

எதை நம்புவது? என் முடிவு இதுதான். வேறு வழி இருக்கும்போது ஜிப்மர் எண்ணை மனதில் வைத்து நடந்துகொள்ளுங்கள். வேறு வழியே இல்லாதபோது ஜெனீவா எண்ணை நினைத்துத் தைரியமாக இருங்கள். இரவில் சூடு இறங்கும் ஊரில், ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் ஒருவர் அறையில் வைத்த இன்சுலினைப் போட்டுக்கொள்கிறார் என்றால், "கெட்டுப்போச்சு, கொட்டுங்க" என்று அவரை மிரட்டுவது கொடுமை. மருந்தே போடாமல் இருப்பதைவிட அது எத்தனையோ மடங்கு மேல்.

15 சதவீத இழப்பு என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். 20 யூனிட் போட்டால் 17 யூனிட் வேலை செய்கிறது. மாதக் கடைசியில் சுகர் மெல்ல ஏறுகிறது. சாப்பாட்டில்தான் தப்பு என்று வீட்டில் திட்டு விழுகிறது. டாக்டரிடம் போனால் டோஸை 24 ஆக்குகிறார். மறுநாள் புதுப் பாட்டில் திறக்கிறார்கள். அதில் 24 யூனிட்டும் முழு வீரியத்தோடு வேலை செய்கிறது. விடிகாலை மூன்று மணிக்கு வேர்த்து விறுவிறுத்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி எழுகிறார் அந்தப் பெரியவர். லோ சுகர். சூடு பட்ட இன்சுலினில் நான் பயப்படுவது இதற்காகத்தான். டோஸ் கூட்டச் சொல்லும் டாக்டரிடம், "இந்த பாட்டில் திறந்து இத்தனை நாளாச்சு, இந்த இடத்துல வெச்சிருக்கேன்" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். அவர் எழுதும் எண்ணே மாறலாம்.

ஃப்ரிட்ஜ்

அறை 30 டிகிரியைத் தாண்டும் மாதங்களில் திறந்த பாட்டிலுக்கு ஃப்ரிட்ஜ்தான் நல்ல இடம். ஆனால் ஃப்ரிட்ஜுக்குள் எங்கே என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நம் வீடுகளில் பெரும்பாலும் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். மேலே ஃப்ரீசர் பெட்டி, அதற்கு நேர் கீழே பால் பாக்கெட் வைக்கும் சில்லர் ட்ரே. இன்சுலினைக் கொண்டுபோய் அந்தச் சில்லர் ட்ரேயில் வைப்பவர்கள் ஏராளம். மருந்துக்கு நல்ல குளிர்ச்சி வேண்டும் என்ற அக்கறையில் செய்வது அது. பால் பாக்கெட்டின் ஓரத்தில் ஐஸ் கட்டும் இடம் அது, இன்சுலினும் அங்கே உறையும். இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜில் ஆபத்து பின்சுவரில் இருக்கிறது. குளிர்காற்று வரும் துளைக்கு நேரே வைத்தாலும் இதே கதிதான்.

ஒரு முறை உறைந்த இன்சுலின் மறுபடி உருகினாலும் வேலைக்கு ஆகாது. கலவை இன்சுலினிலும், மெதுவாக வேலை செய்யும் வெண்மையான என்.பி.எச். இன்சுலினிலும் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நல்ல பாட்டிலை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டினால் அடியில் படிந்த வெள்ளை முழுக்கக் கலந்து, ஒரே சீரான வெண்மையாகிவிடும். உறைந்து உருகியதை எவ்வளவு உருட்டினாலும் திரிந்த பால் போலத் துகள் துகளாக நிற்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்ணாடிச் சுவரில் பனிப்பூச்சு மாதிரி வெள்ளை ஒட்டியிருக்கும். தயங்காமல் தூக்கிப் போட வேண்டியது அது. தெளிவாக இருக்க வேண்டிய ரெகுலர், லான்டஸ் வகைகளில் உறைந்தது சில சமயம் தெரியவே தெரியாது. அதனால்தான் சூட்டைவிட உறைதலை நான் பெரிய எதிரியாக வைக்கிறேன். சூடு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், உறைதல் ஒரே ராத்திரியில் பாட்டிலையே முடித்துவிடும்.

ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் வெப்பம் நிச்சயம் 2-8க்குள் இருக்கும் என்பதும் உண்மையல்ல. 2018இல் பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள நோயாளிகளின் வீடுகளில் இன்சுலினோடு ஒரு வெப்ப உணரியை வைத்துப் பார்த்தார்கள். ஃப்ரிட்ஜில் வைத்த இன்சுலின் சராசரியாக ஒரு நாளில் இரண்டரை மணி நேரம் சரியான அளவுக்கு வெளியே இருந்தது. பூஜ்யத்துக்குக் கீழே போனவையும் இருந்தன. மின்வெட்டுக்குப் பெயர் போகாத அந்த நாடுகளிலேயே இந்த நிலை.

ஆகவே ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் திறந்த பாட்டிலுக்குக் கதவின் நடு அடுக்கு. கதவு திறந்து மூடும்போது அங்கே வெப்பம் ஏறி இறங்கும்தான், ஆனால் உறையாது. திறந்த மருந்து 30 டிகிரி வரை தாங்கும் என்பதால் அந்த ஏற்ற இறக்கம் ஒரு பொருட்டல்ல. திறக்காத இருப்பு பாட்டில்கள் வேறு. அவற்றை மூடியுள்ள ஒரு சின்ன டப்பாவில் போட்டு, காய்கறிப் பெட்டிக்கு மேல் தட்டில் முன்பக்கமாக வையுங்கள். டப்பாவுக்குள் மீட்டரைப் போட்டு ஒரு ராத்திரி பார்த்தால் உங்கள் ஃப்ரிட்ஜின் குணம் தெரிந்துவிடும்.

பேனாவுக்கு மட்டும் ஒரு முரண் உண்டு. உபயோகத்தில் இருக்கும் பேனாவை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள் என்றுதான் பல கம்பெனிகளின் தாளில் இருக்கும். ஊசியோடு வைத்தால் குளிரில் மருந்து சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும், குமிழி வந்தால் டோஸ் குறையும். ஆனால் அந்த வரி 30 டிகிரிக்குள் இருக்கும் அறையை மனதில் வைத்து எழுதியது. அறையே அதைத் தாண்டும் நாட்களில் பேனாவையும் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லும் டாக்டர்கள் இங்கே உண்டு, அது நியாயமும்கூட. ஊசியைக் கழற்றிவிட்டு, மூடி போட்டு வைக்க வேண்டும். போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு எடுத்து வெளியே வைத்தால் வலியும் குறையும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும் நாளில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் வரை குளிர் நிற்கும். சாயங்காலம் வரை நீண்டாலும் இன்சுலினுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பதற்றத்தில் பாட்டிலை ஃப்ரீசருக்கு மாற்றுவதுதான் ஆபத்து.

மண்பானை

ஃப்ரிட்ஜ் இல்லாதவர்களுக்கு மண்பானையைச் சொல்லும்போது பலர் ஏளனமாகப் பார்க்கிறார்கள். பல நாடுகளின் மண்பானைகளை அளந்து பார்த்த ஆய்வு இருக்கிறது. பானைகள் உள்ளே வெப்பத்தைக் குறைத்தன, காற்று வறண்டிருந்த இடங்களில் நன்றாகவே குறைத்தன. செய்முறை சுலபம். ஒரு பெரிய பானை, அதற்குள் ஒரு சின்னப் பானை, இரண்டுக்கும் நடுவே மணல். மணலைக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். சின்னப் பானைக்குள் ஒரு டம்ளர், அதற்குள் பிளாஸ்டிக் உறையில் போட்ட பாட்டில், மேலே ஈரத்துணி. பானையைக் காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். இன்சுலினை நேரே தண்ணீருக்குள் போடக் கூடாது. லேபிள் ஊறி உரிந்துவிடும், ரப்பர் மூடியில் அழுக்குத் தண்ணீர் தங்கும்.

பானை குளிர்வது நீர் ஆவியாவதால். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவியாவது குறையும். 40 டிகிரி வெயில், 30 சதவீத ஈரப்பதம் என்றால் ஆவியாதலால் தொடக்கூடிய குறைந்தபட்சம் சுமார் 26 டிகிரி. கோடையில் திருச்சி, வேலூர், மதுரைப் பக்கத்து மதியம் இப்படித்தான் இருக்கும். 34 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால் அந்த எல்லையே 29. சென்னை, நாகை, தூத்துக்குடிக் கடலோரம் அந்த ரகம். நடைமுறையில் பானை அந்த எல்லை வரை போகாது, இரண்டு மூன்று டிகிரி மேலேயே நிற்கும். ஆகவே உள்மாவட்டத்தில் மண்பானை உண்மையிலேயே நல்ல தேர்வு. கடலோரப் புழுக்கத்தில் அது அரைகுறை உதவிதான். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் ஓர் இடம் கேட்பது அங்கே மேல்.

புயல் காலத்தில் கதை வேறு. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டா கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. இன்சுலின் போடுபவர்கள் எல்லோருக்கும் முதல் பயம், ஃப்ரிட்ஜ் இல்லையே என்பதாக இருந்திருக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வீட்டுக்குள் பெரும்பாலும் 30ஐத் தாண்டாது. நிழலான மூலையே போதும். இருப்பில் உள்ள திறக்காத பாட்டிலும் வெளியே வந்த நாளிலிருந்து நான்கு வாரம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் சரி. அந்த நாட்களில் தட்டுப்பாடு ஊசிக்கும் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கும்தான் முதலில் வரும், அதைச் சேர்த்துவையுங்கள்.

பயணத்துக்கு: பையா, ஃபிளாஸ்க்கா?

தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்தும் ஜெல் பைகள் கிடைக்கின்றன. ஃப்ரியோ என்பது அதில் பிரபலமான பெயர். அதுவும் பானையின் வேலையைத்தான் செய்கிறது, அதனால் அதற்கும் காற்று வேண்டும். பாலிதீன் கவருக்குள்ளோ இறுக்கி ஜிப் போட்ட தோல்பைக்குள்ளோ வைத்தால் குளிராது. ஒரு நாள், இரண்டு நாள் பயணத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கை நான் திறந்த பாட்டிலுக்குச் சொல்ல மாட்டேன். ஐஸைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம் உறையும். அரசு மருத்துவமனையில் மாத மருந்து வாங்கிக்கொண்டு பகல் வெயிலில் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் வருபவர்களுக்கு மட்டும் அது பொருந்தும். அப்போதும் பாட்டில்களைப் பழைய துண்டில் நன்றாகச் சுற்றி, ஐஸ் தனிக் கவரில் இருக்க வேண்டும். பைக்கின் டேங்க் கவர், சீட்டுக்கடியில் உள்ள பெட்டி, நிறுத்திய காரின் டேஷ்போர்டு ஆகியவற்றில் ஒரு மணி நேரம்கூட வேண்டாம். விமானத்தில் கையோடு எடுத்துச் செல்லுங்கள், செக்-இன் பெட்டியில் போடாதீர்கள்.

பாட்டிலா, பேனாவுக்குள் போடும் கார்ட்ரிட்ஜா?

எங்கே வைப்பது என்பதை இவ்வளவு பேசுகிறவர்கள் எதை வாங்குவது என்று யோசிப்பதில்லை. 28 நாள் கணக்கு அங்கேதான் பணமாக மாறுகிறது. இந்தியாவில் மனித இன்சுலின் பாட்டில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 10 மில்லி, ஆக 400 யூனிட். 28 நாளில் அது தீர நாளொன்றுக்கு 14 யூனிட்டுக்குச் சற்று மேல் போக வேண்டும். நாளுக்கு 10 யூனிட் போடுபவரிடம் 28ஆம் நாள் 120 யூனிட் மிச்சம் இருக்கும். கொட்ட மனசு வராது. பெரும்பாலான வீடுகளில் பழைய பாட்டில் தொடர்வது இதனால்தான், அலட்சியத்தால் அல்ல.

அவர் 3 மில்லி கார்ட்ரிட்ஜுக்கு மாறினால் அதில் 300 யூனிட். ஒவ்வொரு முறையும் காற்று போக்க 2 யூனிட் என்று சேர்த்தாலும், தினம் ஒரு வேளை போடுபவருக்கு 25 நாளில் தீர்ந்துவிடும். வீணாவது ஏறக்குறைய இல்லை. காலை, இரவு பன்னிரண்டு பன்னிரண்டாக 24 யூனிட் போடுபவருக்கு இதே கணக்கு தலைகீழ். பாட்டில் 16 நாளில் காலியாகிவிடும், காலாவதி அவருக்குப் பிரச்சினையே இல்லை, விலையும் குறைவு. ஆக குறைந்த டோஸ்காரருக்குக் கார்ட்ரிட்ஜ், கூடுதல் டோஸ்காரருக்குப் பாட்டில் என்று டாக்டரிடம் பேசிப் பாருங்கள். மாறும்போது ஒன்றை மறக்கக் கூடாது. கார்ட்ரிட்ஜில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சால் அதிலிருந்து எடுத்துவிட்டால் இரண்டரை மடங்கு மருந்து உடம்புக்குள் போகும். உயிருக்கே ஆபத்து.

சந்தேகம் வந்தால்

தெளிவாக இருக்க வேண்டியது கலங்கியிருந்தால், வெண்மையில் துகள் தெரிந்தால், நிறம் மாறியிருந்தால் அந்தப் பாட்டிலை விட்டுவிடுங்கள். பார்க்க நன்றாக இருந்து, சாப்பாடும் டோஸும் மாறாமல் சுகர் மட்டும் இரண்டு மூன்று நாளாக ஏறிக்கொண்டே இருந்தாலும் புதிது திறந்து பாருங்கள். அப்படித் திறக்கும்போது, ஏறிய சுகருக்காக டோஸைக் கூட்டியிருந்தால், பழைய டோஸுக்குத் திரும்புவதா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு ஊசியை எடுங்கள். முதல் இரண்டு ராத்திரி படுக்குமுன் ஒரு முறை சுகர் பாருங்கள்.

உடம்பில் இன்சுலின் கிட்டத்தட்டச் சுரக்காத டைப் 1 நீரிழிவு உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இன்னும் ஒன்று. மருந்துக்கடை மூடிய இரவில், இருக்கும் ஒரே பாட்டில் சூடு பட்டதோ என்ற சந்தேகம் வந்தால், அதற்காக ஊசியை நிறுத்தாதீர்கள். இருப்பதைப் போட்டுவிட்டு, இரண்டு மூன்று மணிக்கொரு முறை சுகர் பாருங்கள், தண்ணீர் நிறையக் கொடுங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் தெரிந்தால் விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.